பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள் என்ற நம்பிக்கை

“நீதான் இன்னும் ஒரு வருஷத்துல தீசிஸ் குடுத்துட்டுப் போயிடுவியேம்மா, இதெல்லாம் எதுக்கு உனக்கு?”

எங்கள் பல்கலைக்கழகக் குறைதீர்க்கும் குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் திட்டவில்லை, மிரட்டவில்லை. அக்கறையோடுதான் கேட்டார். டீகூட வரவழைத்துக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டுமென்றால், இவர் ஆய்வில் தொடர்கிறார் என்று ஒவ்வொரு மாதமும் உறுதிசெய்து அனுப்ப வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காக எங்கள் துறையில் மூன்று பேர் அலைந்தோம். மற்ற உதவித்தொகை வாங்குகிறவர்களின் தாள் காலையில் உள்ளே போய் மாலையில் வெளியே வந்துவிடும். எங்கள் தாள் மட்டும் மேசையிலேயே கிடக்கும். எட்டு மாதப் பணம் மொத்தமாக நின்றுபோன பிறகு எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் கழித்துத்தான் அந்த டீ. அதற்குள் எங்களில் ஒருவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். இன்னொருவருக்குத் தனியார் கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. கோப்பில் இருவர் பெயருக்கும் நேராக ‘மனுதாரர் தற்போது மாணவர் அல்ல’ என்று எழுதிவிட்டார்கள். மிஞ்சியது நான். நானும் போய்விடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் ஆய்வேட்டில் ஓர் இயல், பாகுபாட்டுப் புகார்களைப் பல்கலைக்கழகங்கள் எப்படிச் சாகடிக்கின்றன என்பது பற்றியது. (நெறியாளருக்காக ‘கையாளுகின்றன’ என்று எழுதியிருக்கிறேன்.) அதற்காக அமெரிக்கத் தீர்ப்புகளைப் புரட்டியபோதுதான் ஒரு பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியைத் தெரிந்துகொண்டேன். நியூயார்க் மாநிலத்தில் ஹாமில்டன் என்ற சிற்றூரில் இருக்கும் கோல்கேட் பல்கலைக்கழகத்தின் அணி அது. ஆமாம், பற்பசையின் அதே கோல்கேட்தான். சோப்பு வியாபாரக் குடும்பம் ஒன்றின் கொடைக்கு நன்றியாக 1890இல் அந்தப் பெயரை வைத்துக்கொண்ட பல்கலைக்கழகம்.

நான் வெயிலூர்க்காரி. ஐஸ் ஹாக்கியை நேரில் பார்த்ததில்லை. பனித்தளத்தின் மேல், காலில் கத்தி பதித்த காலணியோடு, பக்கத்துக்கு ஆறு பேர், ஒரு ரப்பர் வட்டைத் துரத்துகிற ஆட்டம். 20 நிமிடங்களாக மூன்று பகுதி. தேசியப் போட்டியில் சமநிலையில் முடிந்தால் கூடுதல் நேரம். அதில் முதல் கோல் அடிப்பவர் வென்றார், ஆட்டம் அங்கேயே முடிந்தது. இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

2017-18 பருவத்தில் கோல்கேட் பெண்கள் அணி 34 ஆட்டங்களில் வென்றது, 6இல் தோற்றது, ஒன்று சமநிலை. அந்த அணியின் வரலாற்றில் முதல்முறையாகத் தேசிய அரையிறுதிக்குப் போனார்கள். எதிரே விஸ்கான்சின். பெண்கள் கல்லூரி ஹாக்கியில் அது ஒரு யானை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, அதிலும் முடியாமல் இரண்டாவது கூடுதல் நேரத்துக்குப் போனது. கோல்கேட் 4-3 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து, 2018 மார்ச் 18 அன்று, மினியாபொலிசில் இறுதிப்போட்டி. கிளார்க்சன் பல்கலைக்கழகத்திடம் 2-1 என்று தோற்றார்கள். அதுவும் கூடுதல் நேரத்தில்தான்.

இந்தப் பருவத்தைப் பற்றி எழுதியவர்கள் எப்படி எழுதியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். விடாமுயற்சி, கனவு, சின்ன ஊர், பெரிய மேடை. நம் முற்போக்கு நண்பர்களும் இப்படியான கதைகளை இதயக்குறி போட்டுப் பகிர்கிறார்கள். எனக்கு அந்த வகைக் கதைமீது கடும் வெறுப்பு. ஏனென்றால் அந்தக் கதையில் பல்கலைக்கழகம் நல்லவனாக வருகிறது. வாய்ப்பு ‘கொடுத்தது’, பெண்கள் ‘நிரூபித்தார்கள்’. கோல்கேட் எதையும் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று நான்கு முறை எழுத்தில் சொன்னது. பிறகு நீதிமன்றத்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் போராடியது, தன் சொந்த மாணவிகளுக்கு எதிராக.

கோல்கேட் 1970இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே பெண்கள் ஹாக்கி ஆடத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் ‘கிளப்’ என்ற பெயரில். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிளப் அணிக்கும் வார்சிட்டி அணிக்கும் இருக்கும் வேறுபாடு, நம் அலுவலகங்களில் தினக்கூலிக்கும் நிரந்தரப் பணிக்கும் இருக்கும் வேறுபாட்டைப் போன்றது. வார்சிட்டி என்றால் அது பல்கலைக்கழகத்தின் அணி. பயிற்சியாளர், பேருந்து, கருவிகள் எல்லாம் பல்கலைக்கழகச் செலவு. கிளப் என்றால், ஆசைப்பட்டால் நீயே பார்த்துக்கொள்.

பெண்கள் 1979இல் வார்சிட்டி அந்தஸ்து கேட்டு விண்ணப்பித்தார்கள். மறுப்பு. 1983இல் கேட்டார்கள். மறுப்பு. 1986. மறுப்பு. 1988. மறுப்பு.

மறுப்புக்குச் சொன்ன காரணங்களை முதன்முதலில் படித்தபோது நூலகம் என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். மேல்நிலைப் பள்ளிகளில் பெண்கள் இதை அதிகம் ஆடுவதில்லை. இந்த ஆட்டத்துக்குத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் சாம்பியன் பட்டப்போட்டி நடத்துவதில்லை. கிழக்குப் பகுதியில் 15 கல்லூரிகளில்தான் பெண்கள் அணி இருக்கிறது. செலவு அதிகம். மாணவிகளிடம் ஆர்வம் குறைவு. கடைசியாக நம் பழைய நண்பர் வருகிறார்: திறமை போதாது.

எல்லாக் கல்லூரிகளும் இதே காரணத்தைச் சொல்லி அணியை மறுத்தால் பட்டப்போட்டி எங்கிருந்து வரும்? அணி இல்லை, அதனால் போட்டி இல்லை. போட்டி இல்லை, அதனால் அணி தேவையில்லை. ‘தகுதியுள்ள விண்ணப்பதாரர் கிடைக்கவில்லை’ என்று எழுதி ஒதுக்கீட்டுப் பேராசிரியர் இடங்களை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்திருக்கும் நம்மூர்த் தேர்வுக்குழுக்களுக்கு இந்த வட்டம் மிகவும் பழக்கமானது. கதவைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே யாருமே வரவில்லையே என்று வியப்பார்கள்.

ஆர்வம் குறைவாம். 1990-91இல் கோல்கேட்டின் ஆண்கள் ஹாக்கி அணிக்கு ஒதுக்கப்பட்ட தொகை 2,38,561 டாலர். பெண்கள் கிளப்புக்கு 4,600 டாலர். ஏறக்குறைய 52 மடங்கு. ஆண்களுக்கு மட்டையிலிருந்து காலணிவரை பல்கலைக்கழகம் வாங்கித் தந்தது. பெண்கள் தங்கள் பணத்தில் வாங்கினார்கள். வெளியூர் ஆட்டத்துக்கு ஆண்கள் பேருந்தில் போனார்கள், பெண்கள் தாங்களே காரை ஓட்டிக்கொண்டு போனார்கள். பனித்தளத்தில் ஆண்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய நேரம் பெண்களுக்கு. இத்தனைக்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் பனியில் வந்து நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆர்வம் போதாது என்றார்கள்.

இங்கே ஒரு சட்டக் கதையையும் சொல்ல வேண்டும். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் பாலினப் பாகுபாடு கூடாது என்று சொல்லும் ‘டைட்டில் 9’ 1972லேயே வந்துவிட்டது. அப்படியென்றால் 1979 முதல் 1988 வரை பெண்கள் ஏன் வழக்குக்குப் போகவில்லை? அந்த ஒன்பது ஆண்டுகளின் நடுவில், 1984இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் குரோவ் சிட்டி கல்லூரி வழக்கில் ஒரு விளக்கம் கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் எந்தப் பிரிவு நேரடியாக அரசுப் பணம் வாங்குகிறதோ அந்தப் பிரிவுக்கு மட்டுமே சட்டம் பொருந்துமாம். விளையாட்டுத் துறைகள் நேரடியாக அரசுப் பணம் வாங்குவது அரிது. ஒரே தீர்ப்பில், சட்டம் புத்தகத்தில் இருந்தது, விளையாட்டு மைதானத்தில் இல்லாமல் போனது. சிவில் உரிமை இயக்கங்கள் நான்கு ஆண்டுகள் முட்டி மோதின. 1988 மார்ச்சில் நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. அதிபர் ரீகன் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி அதை நிராகரித்தார். அவரது நிராகரிப்பையும் மீறி நிறைவேற்றினார்கள்.

நமக்கு இது அந்நியமான கதை இல்லை. கோல்கேட் இறுதிப்போட்டியில் தோற்று இரண்டு நாள் கழித்து, 2018 மார்ச் 20 அன்று, நம் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2 முழு அடைப்பு நடந்தது, உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பல்லை மறுபடி ஒட்டவைத்தது. சட்டத்தை எதிர்க்கத் துணிவில்லாதவர்கள் அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

1990ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன.

கோல்கேட்டின் ஆண்கள் ஹாக்கி அணி தேசிய இறுதிப்போட்டிக்குப் போய் விஸ்கான்சினிடம் 7-3 என்று தோற்றது. ஊரே கொண்டாடியது என்று சொல்லத் தேவையில்லை.

கனடாவின் ஒட்டாவாவில் முதல் பெண்கள் உலக சாம்பியன் போட்டி நடந்தது. கனடாப் பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சீருடை மாட்டிவிட்டார்கள். பெண்கள் என்றால் வேறு என்ன நிறம்? அந்த அணியின் நட்சத்திரம் ஆஞ்செலா ஜேம்ஸ், டொரொண்டோவின் ஃபிளெமிங்டன் பார்க்கில் அரசு உதவி பெற்ற குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினப் பெண். 5 ஆட்டங்களில் 11 கோல் அடித்தார். பெண்களிடம் திறமை இல்லை என்று ஒரு பல்கலைக்கழகம் கோப்பில் எழுதிவைத்திருந்த அதே காலத்தில்.

மூன்றாவது: கோல்கேட் கிளப்பின் ஐந்து பெண்கள் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குப் போட்டார்கள்.

‘குக் எதிர் கோல்கேட்’ என்ற அந்த வழக்கில் 1992இல் தீர்ப்பு வந்தது. பெண்கள் வென்றார்கள். பணம் இல்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆர்வம், திறமை என்ற வாதங்களையும் ஏற்கவில்லை. ஆண்கள் அணியையும் பெண்கள் அணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மட்டைக்கு மட்டை, பேருந்துக்குப் பேருந்து ஒப்பிட்டது. பெண்கள் அணிக்கு 1993-94 பருவத்திலிருந்து வார்சிட்டி அந்தஸ்து கொடு என்று உத்தரவிட்டது.

கோல்கேட் மேல்முறையீடு செய்தது. 1993 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. தீர்ப்பு தவறு என்று சொல்லவில்லை. பாகுபாடே இல்லை என்றும் சொல்லவில்லை. வழக்குப் போட்ட ஐந்து பேரில் சிலர் ஏற்கெனவே படிப்பை முடித்துவிட்டார்கள், மிஞ்சியவர்கள் மே மாதம் பட்டம் வாங்கிவிடுவார்கள். அடுத்த பருவத்தில் அணி அமைந்தால் இவர்களில் யாரும் அதில் ஆடப்போவதில்லை. ஆகவே இந்த வழக்கில் இனித் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். ‘மனுதாரர் தற்போது மாணவர் அல்ல.’

பல்கலைக்கழகத்தின் பெரிய ஆயுதம் எது என்று கேட்டால், சாதி என்போம், பணம் என்போம், அதிகாரம் என்போம். எல்லாம் சரி. ஆனால் அவற்றையெல்லாம் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டுமே, அது காலம். மாணவர் வருவார், போவார். இளங்கலைக்கு மூன்று ஆண்டு, அமெரிக்காவில் நான்கு. முனைவர் பட்டத்துக்கு ஐந்தோ ஆறோ. பேராசிரியர் 60 வயதுவரை, 65 வயதுவரை இருப்பார். கோப்பு அவருக்குப் பின்னும் இருக்கும். எந்தப் புகாரையும் மறுக்க வேண்டியதில்லை. குழு அமைத்தால் போதும். குழுவுக்குத் தலைவர் போட ஒரு பருவம், கூட்டம் கூட்ட ஒரு பருவம், நடுவில் தேர்வு, விடுமுறை, தேர்தல் நடத்தை விதி. அதற்குள் புகார்தாரர் பட்டமளிப்பு விழாவில் கருப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். நாமே அந்தப் படத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருப்போம்.

நீதிமன்றம் எப்போதும் இப்படித்தானே, வழக்காடுபவருக்கு நேரடிப் பாதிப்பு இருந்தால்தானே விசாரிக்கும் என்று சட்டம் படித்த தோழர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்றை நினைவூட்டுகிறேன். செண்பகம் துரைராஜன் வழக்கு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உரிமை ஆணையால் மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்று நீதிமன்றம் போனார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்தபோது கிடைக்காது என்று தெரிந்துகொண்டாராம், அதனால் விண்ணப்பிக்கவில்லையாம். நீதிமன்றம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விசாரித்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையையே செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது, பெரியார் வீதிக்கு வந்தார், அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. அதெல்லாம் நமக்குத் தெரிந்தது. நான் சுட்ட விரும்புவது ஒரு சின்ன விவரத்தை மட்டுமே. கல்லூரிக்குள் நுழைய விண்ணப்பிக்கவே செய்யாத ஒரு பார்ப்பனப் பெண்ணின் குறை உயிருள்ள குறை. நான்கு ஆண்டு பனியில் ஆடிவிட்டுப் பட்டத்தோடு வெளியே வந்த ஐந்து பெண்களின் குறை செத்துப்போன குறை. நாடு வேறு, சட்டம் வேறு, தெரியும். ஆனாலும் யாருக்காக நீதிமன்றத்தின் கடிகாரம் நின்று காத்திருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

குக் வழக்கு அங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதே ஆண்டு அடுத்த அணிப் பெண்கள் புது வழக்குப் போட்டார்கள். ‘பிரையன்ட் எதிர் கோல்கேட்.’ இந்த முறை ஒரு மாற்றம் செய்தார்கள். தங்களுக்காக மட்டும் போடவில்லை. தங்களைப் போன்ற எல்லாருக்குமாக, ஒரு வகுப்பாரின் வழக்காகப் போட்டார்கள். ஒருவர் பட்டம் வாங்கிப் போனாலும் வகுப்பு போகாது. இன்னும் ஹாமில்டனுக்கே வராத, பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிற பெண்ணும் அதில் சேர்த்தி.

கோல்கேட்டிடமிருந்து அதன் காலம் இப்படித்தான் பிடுங்கப்பட்டது. இனிக் காத்திருந்தால் பயனில்லை. 1997 ஜனவரியில் சமரசத்துக்கு வந்தது. பெண்கள் ஹாக்கி வார்சிட்டி ஆனது. 1979இல் முதல் விண்ணப்பம் எழுதிய பெண்களுக்கு அப்போது நாற்பது வயதை ஒட்டியிருக்கும். 2018 இறுதிப்போட்டியில் ஆடிய பெண்கள் அந்தச் சமரசத்தை ஒட்டிய சில ஆண்டுகளில் பிறந்தவர்கள்.

அப்படியென்றால் 2017-18 பருவத்தின் 34 வெற்றிகள் எதை நிரூபித்தன? என்னைக் கேட்டால், எதையும் இல்லை. பல முற்போக்காளர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. “பாருங்கள், வாய்ப்புக் கொடுத்தால் சாதிக்கிறார்கள்” என்று சொல்லும்போது, சாதிக்காவிட்டால் வாய்ப்பைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்கிறோம். கோல்கேட் ஆண்கள் அணி இன்றுவரை ஒருமுறைகூடத் தேசியப் பட்டம் வென்றதில்லை. அதனால் அந்த அணி தேவையா என்று யாரும் குழு அமைக்கவில்லை. அமைக்கவும் வேண்டாம். தோற்பதற்கும் உரிமை உண்டு, சுமாராக ஆடுவதற்கும் உரிமை உண்டு. இந்த உரிமையைத் தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கிறவர்கள்தான் நம்மிடம் தங்கப்பதக்கம் கேட்கிறார்கள். என் வகுப்பில் மூன்றாம் தரக் கட்டுரை எழுதும் ஆதிக்கசாதி மாணவனை ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்’ என்பார்கள். நான் அதையே எழுதினால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018இல் கோல்கேட் முதல் சுற்றிலேயே சுருண்டிருந்தாலும் 1979இன் விண்ணப்பம் நியாயமான விண்ணப்பம்தான்.

சரி, பெண்கள் வென்றார்கள், கதை சுபம் என்று முடித்தால் சாதி ஒழிப்பைப் பேசும் இந்தத் தளத்தில் எழுத எனக்குத் தகுதி இல்லை. அந்தப் பனித்தளத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வென்ற பெண்கள் யார்?

அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஹாக்கி இன்றும் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கிறது. அதற்கான வடிகட்டல் சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. காலணி, கவசம், தலைக்கவசம், மட்டை எல்லாம் விலை. குழந்தை வளர வளர ஒவ்வொன்றும் மாற்ற வேண்டும். பனித்தளம் மணிக்கணக்கில் வாடகை. நல்ல அணியில் சேர்ந்தால் வாரக்கடைசிதோறும் வெளியூர். காரும் ஓய்வும் உள்ள பெற்றோர் வேண்டும். பனித்தளங்கள் இருப்பதும் பெரும்பாலும் வெள்ளைப் புறநகர்களில். இத்தனையையும் தாண்டி வந்தவர்கள் நடுவில்தான் ‘சம வாய்ப்பு’ தொடங்குகிறது.

2018 அரையிறுதியில் கோல்கேட்டை எதிர்த்த விஸ்கான்சின் அணியில் ஆபி ரோக் என்ற பூர்வகுடிப் பெண் இருந்தார். 2022இல் அமெரிக்க ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கி அணிக்கு ஆடிய முதல் பூர்வகுடிப் பெண் அவர். ஆட்டம் நடக்கும் நிலமே அவர்களுடையது, முதல் ஆள் வர 2022 ஆனது. அமெரிக்காவின் மூத்தோர் தேசிய அணிக்கு முதல் கறுப்பினப் பெண் லைலா எட்வர்ட்ஸ் வந்தது 2023இல். ஆஞ்செலா ஜேம்ஸ் 11 கோல் அடித்து 33 ஆண்டு கழித்து. அந்த ஆஞ்செலாவைக்கூட, பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்த 1998இல் கனடா அணியில் சேர்க்கவில்லை. 2010இல் ஹாக்கிப் புகழ்க்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். புகழ்க்கூடங்கள் எப்போதும் ஆட்டம் முடிந்த பிறகுதான் திறக்கும். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் ஒரு கறுப்பினப் பெண் முதல்முறையாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனது 2019இல், கெல்சி கோல்சர், பென்சில்வேனியாவின் ஆர்கேடியா பல்கலைக்கழகத்தில், அதுவும் புதிதாகத் தொடங்கவிருந்த ஓர் அணிக்கு.

வேடிக்கை என்னவென்றால், டைட்டில் 9 என்ற சட்டமே 1964ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டத்தின் டைட்டில் 6ஐப் பார்த்து வார்க்கப்பட்டது. அந்த 6ஆவது பிரிவு அரசு நிதி வாங்கும் இடங்களில் இன, நிறப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. கறுப்பின மக்கள் அடிபட்டு, நாய் கடிபட்டு, சிறைபட்டு வாங்கிய சட்டத்தின் அச்சில் வார்த்த சட்டம் வெள்ளைப் பெண்ணுக்குப் பனித்தளத்தைத் திறந்தது. கறுப்பினப் பெண்ணுக்கு அதே கதவு பாதிதான் திறந்தது. விளையாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எத்தனை இடம், எவ்வளவு பணம் என்று எண்ணிப் பார்க்கும் விதிமுறை 1979லேயே வந்துவிட்டது. இனத்துக்கு அப்படி எண்ணும் விதிமுறை வரவே இல்லை. எண்ணாத இடத்தில் யார் இல்லை என்பதும் தெரியாது.

இதைச் சொல்வது கோல்கேட் பெண்களின் வழக்கைச் சிறுமைப்படுத்த அல்ல. அவர்கள் போட்ட வழக்கை அவர்கள் போட்டார்கள். என் சண்டை, ‘பெண்கள்’ என்று ஒற்றைச் சொல்லில் எல்லாரையும் அடைத்துவிட்டுப் பெருமைப்படும் நம் ஆட்களோடு. எங்கள் பல்கலைக்கழகத்தில் பெண்கள் பாதிக்குமேல் இருக்கிறோம் என்று துணைவேந்தர் மகளிர் தினத்தன்று பெருமையாகச் சொல்வார். பெண் பேராசிரியர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கேட்டால் மேடை அமைதியாகிவிடும். என் கையெழுத்தை எட்டு மாதம் மேசையில் வைத்திருந்தவரும் பெண்தான். நல்ல பெண்ணியவாதி என்று பெயர் எடுத்தவர். மகளிர் தினத்துக்கு ஊதாப்பூச் சேலை கட்டிக்கொண்டு வருவார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் தோழர்கள் இதைச் சரியாகவே பிடித்தார்கள். இனம் இருக்கிறது, பாலினம் இருக்கிறது, பட்டியலில் சாதி எங்கே என்று கேட்டார்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் சேர்த்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இல் சேர்த்தது. ஆனால் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா 2023 அக்டோபரில் ஆளுநரிடம் போனபோது, ஏற்கெனவே இருக்கும் சட்டங்களே போதும் என்று திருப்பி அனுப்பினார். ஏற்கெனவே இருக்கிறது என்பது இன்னொரு வகையான ‘பார்க்கலாம்’.

டீ குடித்த அந்த நாளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பேராசிரியரின் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. குக், பிரையன்ட் இரண்டையும் படித்த பிறகு பழைய புகாரைத் திரும்பப் பெறாமல், புதிதாக ஒன்று எழுதினோம். இப்போது ‘நாங்கள்’ என்றால் முதலாம் ஆண்டில் சேர்ந்த இருவர், இரண்டாம் ஆண்டில் ஒருவர், நான். ஊருக்குப் போன தோழரும் அஞ்சலில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கடிதத்தின் முதல் வரி: இத்துறையில் முன்பு படித்த, இப்போது படிக்கும், இனிச் சேரவிருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வு மாணவர்கள் அனைவரின் சார்பாக. கூடவே ஓர் அட்டவணை. ஐந்து ஆண்டுகளில் யாருடைய தாள் எந்தத் தேதியில் உள்ளே போனது, எந்தத் தேதியில் வெளியே வந்தது. மட்டைக்கு மட்டை, பேருந்துக்குப் பேருந்து.

பதிவுப் பிரிவில் இருந்த எழுத்தர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“இனிமே வரப்போறவங்க சார்பா எப்படிங்க எழுதுவீங்க? அவங்க யாருன்னே தெரியாதே.”

“அதனாலதான் சார் எழுதுறோம்” என்றாள் முதலாமாண்டு மாணவி.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தேதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த நகல் அவளிடம்தான் இருக்கிறது. நான் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு போய்விடுவேன்.